காலிப் படம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் இருக்கும். சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் எனக்கு இன்னும் தகராறுதான். கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததைவிடக் கத்தி பிடித்ததுதான் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு படக்கடையில் ரொம்ப வருடமாக ஃபிரேம் போடுகிறேன். ஃபிரேமுக்குள் ஒட்டும் துண்டுச் சீட்டில் அளவும் தேதியும் எழுதுவேன். அது ஒன்றுதான் நான் தினமும் எழுதும் எழுத்து.

நான் பார்த்ததை எழுதித் தரச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் எழுதச் சொன்ன ஆள்தான் முன்னால் வந்து நிற்கிறார். அவரைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை. பேரை எழுதவில்லை. அவர் இப்போது எங்கேயாவது வேலை தேடிக்கொண்டிருப்பார். என் காகிதத்தால் அதற்கு ஒரு தடங்கல் வர வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த பெண். முப்பதைத் தாண்டிய வயது. கம்ப்யூட்டர் வேலை. வாடிக்கையாளர்கள் கைபேசியிலிருந்தே எங்கள் கடைக்குப் படம் அனுப்புகிற வசதியை ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. அந்தக் கம்பெனி எங்கள் கடையைப் போலப் பல கடைகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறது. அதை எங்கள் கம்ப்யூட்டரில் பொருத்த வந்தவர்தான் இவர். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவையாவது வருவார். பிரிக்பீல்ட்ஸிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்ததால் வேலை இல்லாவிட்டாலும் எட்டிப் பார்ப்பார்.

முதல் நாளே அவர் குணம் தெரிந்துவிட்டது. முதலாளி அவரைப் பக்கத்துக் கடைக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். என்னையும் கூப்பிட்டார். டீ போடும் பாய் மூன்று காலி கிளாஸை வைத்தார். அந்தப் பெண் தன் கிளாஸை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, சுற்றி, ஓரமாகக் கொட்டினார்.

பாய்க்கு முகம் மாறிவிட்டது. "கழுவுன கிளாஸ்தான் மிஸ். இப்பதான் கழுவுனேன்லா."

"கழுவினீங்க பாய், நான் இல்லேன்னு சொல்லல. காலியா இருக்கான்னு பார்த்தேன்."

"காலி கிளாஸ்ல என்னா இருக்கும்?"

"காலின்னு நாமதானே சொல்றோம்? கிளாஸ் சொல்லுச்சா?"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் தலை தெரிந்தாலே, "கஸ்டம்ஸ் வந்தாச்சு, கிளாஸைத் தூக்கிக் காட்டு" என்பார். முதலாளியும் அதே பட்டத்தை வைத்துவிட்டார். அந்தப் பெண் கோபப்பட்டதில்லை.

காலி என்று யாராவது சொன்னால் அவரால் அப்படியே விட முடியாது. படம் போட்டுக் கொடுக்கும் உறைகள் எங்கள் மேசையில் கிடக்கும். போகிற போக்கில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டுவார். அப்படித் தட்டியதில் ஒரு தடவை ஒரு குழந்தையின் பாஸ்போர்ட் படம் நாலு விழுந்தது. அதைத் தேடித்தான் ஒரு அம்மா இரண்டு நாளாக எங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அறைக்குக் குடிவந்த அன்று அலமாரியின் இழுப்பறைகளை முழுதாகக் கழற்றி அடியில் பார்த்தாராம். முன்பு இருந்தவருடைய ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று பின்னால் சிக்கிக் கிடந்ததாம். விலாசம் விசாரித்து, ரயில் ஏறி சுங்கை பூலோ வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"குப்பையில போட்டிருக்கலாமே" என்றார் முதலாளி.

"அதுல அந்தம்மாவோட நோவு எழுதியிருக்கு சார். அது குப்பையா?"

நான் யாரோடும் சட்டென்று பேச மாட்டேன். பெண்களோடு இன்னும் மோசம். முதல் மூன்று மாதம் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தே காலம் தள்ளினேன். அவர் என்னை 'அண்ணா' என்றார். எங்கள் பக்கம் 'அண்ணே' என்போம். அந்த 'ணா' எனக்குப் புதிது. பிறகு ஒருநாள் தன் மகள் படத்தைக் கொண்டுவந்தார். ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை. ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆண்டு முடிவில் பிள்ளையை இங்கேயே அழைத்துக்கொள்ள எழுதிப் போட்டிருந்தார். சின்னக் கட்டில்கூட வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

"இதுக்கு எந்த ஃபிரேம் நல்லா இருக்கும்ணா?"

"வெள்ளை போடும்மா. பிள்ளை சட்டை சிவப்பு" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அன்றிலிருந்து அவர் எனக்கு 'ம்மா' ஆனார்.

இனி என் பக்கத்துக் கதை.

கைபேசியிலிருந்து படம் வரத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்று படங்களில் ஒரு கோளாறு வரும். படம் மேலே நன்றாக இருக்கும். கீழே அரை இஞ்சு, சில சமயம் ஒரு இஞ்சு அகலத்துக்கு, சம்பந்தமில்லாத ஒரு பட்டை. பல தடவை வெறும் சாம்பல் நிறம். சில தடவை உடைந்த கோடுகள், ஏதோ எழுத்து, யாருடையதோ சட்டைத் துணி. பிரிண்டரில் மை கலந்துவிட்டது என்று நினைத்தேன். ஃபிரேம் போடுகிறவனுக்கு ஓரம் வெட்டுவது மூச்சு விடுவது போல. வெட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

வெட்டிய பட்டையை எறியவும் இல்லை. நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, பின்பக்கத்தில் அளவும் தேதியும் எழுதி, பட்டை தெரிகிற பக்கம் உள்ளே போக, ஃபிரேமின் பின்பலகைக்குள் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். பிறகு கண்ணாடி உடைந்து வந்தால் அளவு எடுக்க வேண்டாம் பாருங்கள், அதற்காக. கடையில் எல்லாக் காலிப் பொருளையும் கவிழ்த்துப் பார்த்தவர் என் டின்னை மட்டும் தொடவில்லை. அது காலியாக இல்லை. அதனால் அவர் கண்ணில் படவில்லை.

பிறகு ஒரு காரியப் படம் வந்தது. தகப்பனாருடைய பதினாறாம் நாளுக்குப் பெரிய அளவில் கேட்டிருந்தார்கள். நான் அன்று பத்துமலைக்குப் போயிருந்தேன். முதலாளியே அவசரத்தில் ஓரம் வெட்டாமல் ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் மகன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது யாரு பாஸ்? எங்கப்பா காலடியில யாரு கண்ணு இது?"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டிக் கரைக்குக் கீழே, மூன்று விரல் அகலத்துக்கு, வேறொருவருடைய நெற்றியும் ஒரு கண்ணும். பெண்ணின் கண், மை தீட்டியது. மாலை போட்டு விளக்கேற்றிய பிறகுதான் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். அவருடைய அம்மா படத்தைப் பார்க்கவே பயப்படுகிறார் என்றார். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, வேறு போட்டுத் தருகிறேன் என்று அனுப்பி வைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் அடித்தார்.

அவர் வந்து படத்தைப் பார்த்தார். மற்றவர்கள் படத்தில் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் அந்தப் பட்டையையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"இல்லவே இல்ல. இதான் ஃபர்ஸ்ட் டைம்" என்றார் முதலாளி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தரையில் கிடந்த கண்ணாடித் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் பாய் கடையிலிருந்து ஒரு கிளாஸ் வாங்கி வரச் சொல்லி எங்களுக்கு விளக்கினார். படம் வரும்போது, இது இவ்வளவு பெரிது என்று முதலில் ஒரு சேதி வருமாம். அந்த அளவுக்கு மிஷின் ஓர் இடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக நிரப்புமாம். அனுப்புகிறவர் ரயிலில் போகும்போது லைன் அறுந்து பாதிப் படம்தான் வந்தது என்றால் மீதி இடம் வெள்ளையாக இருக்க வேண்டும்.

"ஆனா இந்த மிஷின் கிளாஸைக் கழுவறதில்ல. பாதி டீ ஊத்தறோம். மீதிப் பாதியில முன்னாடி குடிச்சவரோட காப்பி அப்படியே நிக்குது. அதையும் சேர்த்து உங்ககிட்ட நீட்டுது."

"சரி, லைன் நல்லா இருந்தா வராதுல்ல?" என்றார் முதலாளி.

"லைனை விடுங்க. ஒருத்தன் வேணும்னே டீயே ஊத்தாம வெறும் கிளாஸை நீட்டினா?"

சொல்லிவிட்டு அவர் மடிக்கணினியைத் திறந்தார். ஒன்றுமே இல்லாத ஒரு படம் செய்தார். பெரிய படம் என்று அளவு மட்டும் சொல்லும், உள்ளே எதுவும் கிடையாது. அதை ஒரு வாடிக்கையாளர் அனுப்புவது போல அனுப்பினார். முதல் தடவை சாம்பல் நிறம் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது தடவை ஓர் ஐசி வந்தது, அடையாள அட்டை. முழுதாக இல்லை, பாதி. முகம், பெயரில் பாதி, எண் முழுசாக. அட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தில் மருதாணி.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "இந்த ஆன்டி காலையில வந்தாங்க. ஃபாரத்தோட ஐசியும் பிரிண்ட் எடுக்க. நம்ப கடையில."

"இது உங்க கடைக்கு மட்டும் இல்ல சார். எல்லாக் கடைக்கும் மிஷின் ஒண்ணுதான். எங்கேயோ உட்கார்ந்துட்டு ஒருத்தன் நாள் பூரா வெறும் கிளாஸா நீட்டலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

பார்த்ததும் அந்த ஐசியை அழித்துவிட்டார். அழித்த பிறகு, அழிந்துவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்தார். அன்று சாயந்திரமே கம்பெனிக்கு எழுதிப் போட்டார். சரி செய்கிற வரைக்கும் எல்லாக் கடைகளிலும் நிறுத்துங்கள், அதுவரைக்கும் ஐசி அனுப்பியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று. முதலாளி கேட்டார், "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? சத்தம் போடாம ரிப்பேர் பண்ணிட்டுப் போயேன்."

"ரிப்பேர் பண்ணலாம் சார். இதுவரைக்கும் போனது போனதுதானே? அவங்களுக்கு யார் சொல்றது?"

ஒரு வாரம் கழித்துக் கம்பெனி மேனேஜர் கடைக்கே வந்தார். தமிழர்தான், நம் ஊர்க்காரர், நல்ல சட்டை. அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தார். ஆனால் மேனேஜருக்கு ஓர் அடி பின்னால் நின்றார். எப்போதும் மேசைக்கு வந்து உறைகளைத் தட்டுகிறவர், அன்று கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார். சிஸ்டத்தில் ஒரு கோளாறும் இல்லை, காரியப் படம் பிரிண்டர் கோளாறு, ஐசி வந்தது இவர் அனுமதி இல்லாமல் கைவைத்ததால் என்றார். "கதவை உடைச்சவங்களே வந்து கதவு உடைஞ்சிருக்குன்னு சொன்னா எப்படி பாஸ்?"

"நான் உடைக்கல. அது மொதல்லேர்ந்தே திறந்து கிடக்கு" என்றார் அவர்.

"ஓகே. மொதல்லேர்ந்தே இருந்தா கடையில பார்த்திருப்பாங்கல்ல?" மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், நீங்கதானே எல்லாப் படத்தையும் கையில தொடறீங்க? இதுக்கு முன்னாடி இந்த மாதிரி பார்த்திருக்கீங்களா? யெஸ் ஆர் நோ லா, அவ்ளோதான்."

கடையில் நாலு பேர் இருந்தோம். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, என்னைத் தவிர மூன்று பேர். முதலாளி கண்ணை லேசாக மூடித் திறந்தார். வேண்டாம் என்று அர்த்தம். கடையை மூடச் சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். ஆனால் நான் பேசாததற்கு அது காரணம் என்று சொன்னால் பொய். முதலாளி தலையாட்டியிருந்தாலும் என்னால் பேசியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. படித்தவர்கள் முன்னால் என் வாய் பூட்டிக்கொள்ளும். பள்ளியில் வாசிக்க எழுப்பினால் அப்படித்தான். இந்த வயதிலும் மாறவில்லை.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

பிஸ்கட் டின் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பெண் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொன்னார். வெளியே போகும்போது வாசலில் கிடந்த ஒரு காலி உறையைக் குனிந்து எடுத்தார். தட்டிப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்கு வேலை போய்விட்டது. வேலை போனால் பெர்மிட்டும் போகும். பெர்மிட் போனால் பிள்ளை வர முடியாது. பாய்தான் செய்தி சொன்னார். "கட்டிலை வித்துட்டாங்களாம்" என்றார். பாயும் பெர்மிட்டில் இருப்பவர். அன்று யார் கிளாஸையும் கேலிக்குக்கூடத் தூக்கிக் காட்டவில்லை.

ஊருக்குப் போவதற்கு முதல் நாள் அவர் கடைக்கு வந்தார். மத்தியான நேரம், முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கையில் மகள் படம், அதே வெள்ளை ஃபிரேம். பெட்டியில் வைக்கக் கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். பின்பலகையைத்தான் கழற்றியிருந்தார். கழற்றாமல் இருப்பாரா? மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார்.

"இது உங்க எழுத்துதானேண்ணா?"

எட்டுக்குப் பத்து, வெள்ளை, தேதி. என் எழுத்துதான். அவர் சீட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கம் ஓர் ஐசியின் கீழ் ஓரம். வீட்டு எண், தெருப் பெயர், கிள்ளான்.

"தேதியைப் பாருங்கண்ணா. காரியப் படம் வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடி."

பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அதுதான் என்னால் முடிந்தது. அவர் உள்ளே பார்த்தார். கைவிட்டுக் கிளறவில்லை.

"ஒட்டினது எத்தனை இருக்கும்?"

"எண்ணலம்மா. வந்த ஃபிரேமுக்கெல்லாம் ஒட்டுவேன்."

"அப்ப யாருன்னே தெரியாதவங்களோட விலாசம், யார் வீட்டுலயோ, அப்பா படத்துக்குப் பின்னாடி தொங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்மா."

"ஆமாண்ணா. சொல்லியிருக்கணும்." சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை அவர். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் ஓர் உறையும் எடுத்தார். உறை மேல் இங்கே உள்ள ஓர் அரசாங்க அலுவலகத்தின் விலாசம் எழுதியிருந்தது. "நீங்க பார்த்ததை எழுதுங்க. எப்பேர்ந்து, எப்படி, எவ்ளோ தடவை. தமிழ்லயே எழுதுங்க, படிக்கிறவங்க படிச்சுக்கட்டும். இந்தச் சீட்டையும் உள்ள வைங்க."

"நீங்களே கொண்டு போய்க் குடுத்தா..."

"நான் குடுத்தா நானே செஞ்சதுன்னு சொல்வாங்க. உங்க கையெழுத்துதாண்ணா இதுல இருக்கு. எனக்கு இது இனிமே உதவாது. அந்த மருதாணி வெச்ச ஆன்டிக்கு உதவும்."

"எனக்கு எழுத வராதும்மா."

"சீட்டுல எழுதியிருக்கீங்களே." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "கீழ தேதி போட மறந்துடாதீங்க. தேதி இல்லேன்னா அது வெறும் பேச்சாப் போயிடும்."

அந்தத் தாள் எட்டு மாதம் டின்னுக்குள் கிடந்தது. தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போது, இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். தாளைப் பார்த்ததும் வாய் பூட்டிக்கொள்வது போலக் கையும் பூட்டிக்கொள்ளும். கம்பெனி சரி செய்திருக்கும், இனிமேல் எதற்கு என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பட்டைகளும் குறைந்து போயின. ரயிலில் லைன் நன்றாகிவிட்டது என்கிறார்கள். அதனாலும் இருக்கலாம்.

இடையில் இரண்டு வீடுகளுக்குப் போனேன். ஃபிரேம் கொக்கி பழசாகியிருக்கும், பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் பின்பலகையைத் திறந்து என் சீட்டை எடுத்தேன். அந்த வீட்டு அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எத்தனை வீட்டில் மைலோ குடிப்பது?

போன புதன்கிழமை ஒரு கல்யாணப் படம் வந்தது. ஓரம் வெட்டக் கத்தியை வைத்தேன். கீழே முக்கால் இஞ்சுக்குப் பட்டை. பள்ளிச்சீருடை போட்ட ஒரு பிள்ளையின் தோளும், சட்டையில் குத்திய பேரட்டையும். பெயரைப் படிக்க முடிந்தது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

வெட்டினேன். பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. அன்று முதல் தடவையாக முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் வருதா?" என்றார். "வருது பாஸ். நான் எழுதிப் போடப் போறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணைக்கூட மூடித் திறக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அந்தப் பட்டை, அந்தப் பெண்ணுடைய மகள் ஃபிரேமிலிருந்து வந்த சீட்டு, டின்னில் மீதி இருந்தவை, எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பெண் சொன்னது உண்மை. அவர் எதையும் உடைக்கவில்லை. அவர் வெறும் படத்தை அனுப்பிப் பார்ப்பதற்கு பல மாதங்களுக்கு முன்னாலிருந்தே நான் என் கையால் வெட்டியிருக்கிறேன். கேட்டபோது கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். இப்போது ஒன்றும் இல்லை.

கிள்ளான்,
மார்ச் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.